சார்ட் மென்பொருள் தேர்வு: ஒரு மூலபாட ஆய்வு

பங்குச் சந்தையில் புதிதாகக் காலெடுத்து வைப்பவர் முதலில் பங்கு வாங்குவார் என்பது ஆராய்ச்சியறிவு இல்லாதோர் கூற்று. அவர் முதலில் தேடுவது சார்ட் மென்பொருளை. இத்தேர்வு பற்றித் தொல்காப்பியர் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் ஒன்றைச் சொல்லாமல் விட்டதையே அவர் அதை நன்கறிந்திருந்ததற்குச் சான்றாகக் கொள்வது நம் ஆய்வுலகில் நிலைபெற்ற நெறியாதலால், மேலே செல்வோம்.

மென்பொருள் நால்வகைப்படும். புரோக்கர் ஆப்போடு ஒட்டி வருவது முதல் வகை. ஓசி என்பதால் மதிப்பில்லை. ஓசியாகத் தொடங்கி, இன்னொரு இண்டிகேட்டர் போடப் போகும்போது கையேந்துவது இரண்டாவது, டிரேடிங்வியூ இவ்வகை. மூன்றாவது, ஆமிபுரோக்கர் போலக் கணினியில் நிறுவிக்கொள்வது; மென்பொருளுக்கு ஒரு விலை, டேட்டா தருபவருக்குத் தனி விலை, அதன் ஏ.எஃப்.எல். மொழியைக் கற்க ஞாயிற்றுக்கிழமைகள். நான்காவது, டெலிகிராமில் உலவும் கிராக் பதிப்பு. ஆசிரியர் பெயர் தெரியாத நூல்களைப் போலவே இதற்கும் பக்தர்கள் அதிகம்.

அடுத்து பாடபேதம். வெல்ஸ் வைல்டர் என்ற அமெரிக்கர் 1978-இல் வெளியிட்ட நூலில் ஆர்.எஸ்.ஐ. அளவையைத் தந்தார். 14 நாள் கணக்கு. 30-க்குக் கீழே போனால் பங்கை அளவுக்கு மீறி விற்றுத் தள்ளிவிட்டார்கள் என்று கொள்வர். இதன் சராசரி முந்தைய நாளின் சராசரியைச் சுமந்துகொண்டே வருவதால், கணக்கு எந்த நாளில் தொடங்கியது என்பதும் கடைசி எண்ணில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். ஒரு மென்பொருள் பத்தாண்டு விலையை ஏற்றிக் கணக்கிட, இன்னொன்று முப்பது நாற்பது நாளோடு நிறுத்திக்கொண்டால், அதே பங்கு ஒன்றில் 30.3 எனவும் மற்றதில் 29.8 எனவும் நிற்கக்கூடும். எது மூலபாடம்? புதியவர் வாங்கவும் மாட்டார், விடவும் மாட்டார். ஒப்பிட்டுப் பார்க்க மூன்றாவது மென்பொருளை இறக்குவார். அது சரியாக 30 என்று சொல்லும்.

இனி, இவ்வாய்வின் உயிர்நிலையான அம்புக்குறிச் சிக்கல். பழைய சார்ட்டில், விழுந்த பங்கு எழும் இடத்தில், மிகச் சரியாக அடிமட்டத்தில் ஒரு பச்சை அம்பு 'பை' என்று நிற்கும். உச்சியில் சிவப்பு அம்பு 'செல்' என்று நிற்கும். ஒன்றுகூடத் தப்பியிருக்காது. புதியவர் மென்பொருளுக்கு விழுவது இந்த இடத்தில்தான். இத்தகைய அம்புகள் பலவற்றின் அடியில் இருப்பது ஜிக்ஜாக் என்ற கோடு. விலை ஓரளவு ஏறிய பிறகுதான், முன்னே போனது பள்ளம் என்று அதற்குத் தெரியவரும். தெரிந்ததும் பின்னோக்கிப் போய்ப் பள்ளத்தில் அம்பை நட்டுவிடும். கோடு உறுதிப்படும் முன்பே அவசரப்பட்டு நட்டிருந்தால், விலை இன்னும் இறங்கும்போது நேற்றைய அம்பைச் சத்தமில்லாமல் பிடுங்கி இன்றைய பள்ளத்தில் நடும். டிரேடர்கள் இதை ரீபெயிண்ட் என்பார்கள். புலமை மரபில் இதுவே இடைச்செருகல்.

அம்பு ஆதியிலேயே இருந்தது என்பது ஒரு கட்சி. சான்று: டீக்கடைப் பெஞ்சுச் சுவடி, இடப்புறம், வடை எண்ணெய் படிந்த பத்தி. பிற்காலத்தது என்போரின் சான்று இன்னும் வலுவானது: காலை 10:05-க்கு டிரேடர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்த ஸ்கிரீன்ஷாட்டில் அம்பு இல்லை; மாலையில் வந்ததில் அதே கேண்டிலின் காலடியில் இருக்கிறது (காண்க: மேற்படி வாட்ஸ்அப் குழு, அட்மின் மட்டும் எழுதலாம் என்று பூட்டப்படுவதற்கு முந்தைய காண்டம், நீக்கப்பட்ட செய்திகள் மூன்றுக்கும் வடிவேலு ஸ்டிக்கருக்கும் இடைப்பட்ட பகுதி; ஒப்பிடுக: அதே ஸ்கிரீன்ஷாட், மைத்துனர் போன், வலது மூலையில் பேட்டரி 4% எனக் காட்டும் பிரதி; மைத்துனர் பிரதி சிதைவுற்றது என்பாரும் உளர்). முடிவு தெரிந்த பிறகு காலத்தைப் பின்னுக்குத் தள்ளிக் குறித்துவிட்டு, ஆதியிலிருந்தே அப்படித்தான் என்று சாதிப்பதை மென்பொருளின் குற்றம் என்று நாம் சொல்வதற்கில்லை. சொன்னால் சில துறைகளில் நாற்காலி காலியாகும்.

எண்ணிலும் மூலபாடப் பற்று உண்டு. இச்சிமோக்கு என்ற ஜப்பானிய சார்ட் அளவையில் வரும் 26 என்ற எண், ஜப்பானியர் சனிக்கிழமையும் வேலை பார்த்த காலத்து மாதக் கணக்கு என்பர். சனி விடுமுறையானது, 26 அப்படியே இருக்கிறது. மூலத்தில் கைவைத்தால் பாவம்.

முன்னாய்வுகளில் ஒன்றைக் கண்டித்தே ஆகவேண்டும். செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு, 2021-22 முதல் 2023-24 வரை எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) பக்கம் போன தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நஷ்டப்பட்டதாகச் சொல்கிறது. அவர்கள் கறுப்புப் பின்னணியில் நஷ்டப்பட்டார்களா, வெள்ளைப் பின்னணியிலா என்ற அடிப்படை வினாவைக்கூட அது எழுப்பவில்லை. ஜப்பானிலும் சீனாவிலும் விலை ஏறினால் சிவப்பு, இங்கே ஏறினால் பச்சை என்ற நிற ஒப்பியலும் விடுபட்டுள்ளது. இக்குறையை நீக்கும் பொருட்டு இரண்டு பெரிய மானிட்டர் கேட்டுத் துறைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். துறைத் தலைவர் ஒன்றுக்கு ஒப்புதல் தந்து, கட்டுரையில் தம் பெயரை முதலாவதாகப் போடச் சொல்லியிருக்கிறார்.