மென்பந்து எண்டு ஆர் பேர் வைச்சது?

மோனே, உந்த ஹெல்மெட்டுக்குக் காசு குடுக்க முதல் இப்பிடி வந்து குந்து. வாங்க வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. பத்து வயசுப் பொடியன் விக்கெட் காப்பாளனாய் நிக்கிறான், அவன்ர தலையைக் காக்க வேணும் எண்டு உங்கட கழகத்துக்கு ஒரு நினைப்பு வந்ததே பெரிய காரியம். மன்னார் டவுண் கடைக்காரன் அரைவிலைக்குத் தாறானாம். நல்லது. அரைவிலைக்கு அரைத் தலையாவது தப்பும்.

அமெரிக்காவில இருக்கிற என்ர பேத்தி போன ஞாயிறு வீடியோவில வந்தாள். முகத்துக்கு முன்னால இரும்புக் கம்பி, நெஞ்சில ஒரு மெத்தை, முழங்காலில இருந்து பாதம் வரைக்கும் ஆமையோடு மாதிரி ஒண்டு. பெட்டை யானை கலைக்கப் போறாளாக்கும் எண்டு நினைச்சன். எங்கட மடுக் காட்டில யானை கலைக்கிறவன் கையில ஒரு வெடியும் வாயில "மாதாவே"யும்தான் கொண்டு போவான். "இல்லை அம்மப்பா, இது சொவ்ட்போல். நான் கேட்சர்" எண்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. மென்பந்து எண்டால் எங்களுக்கு டெனிஸ் போல் தானே? எல்லே அடிக்கிறதும் அதிலதான். மூங்கில் பொல்லால அடிச்ச பந்து நெத்தியில பட்டால் தடவிக்கொண்டே ஓடியிருக்கிறம். பிறகுதான் விளங்கினது, அமெரிக்காக்காரன் பேர் வைக்கிற விதம். அவன்ர மென்பந்துக்கு 12 அங்குலச் சுற்றளவு, நிறை 177 கிராமுக்குக் குறையாது, 198 வரைக்கும் போகும். நீங்கள் பயப்பிடுற கடினப்பந்து 163 கிராமைத் தாண்டாது. முட்டுற மாட்டுக்குச் சாது எண்டு பேர் வைச்ச மாதிரி. உயர்பள்ளிப் பெட்டையள் அதை 43 அடி தூரத்தில இருந்து கையைச் சுழட்டி எறிய, கேட்சர் மட்டைக்குப் பின்னால குந்திக்கொண்டிருக்க வேணும்.

அவளின்ர தொப்பியில ஒரு முத்திரை. நொக்சி எண்டு வாசிக்கிறாள். எனக்கென்னவோ இருமல் மருந்துப் பேர் மாதிரிக் கேட்டுது. அமெரிக்கன் ஃபுட்போலில பொடியள் தலையடிபட்டுச் சாகச் சாக, 1969-ல தொடங்கின குழுவாம். அந்தக் குழு விதியைத்தான் எழுதும். தொப்பிக்குச் சான்று குடுக்கிறது வேற ஆக்கள். பொம்மைத் தலையில தொப்பியை மாட்டி, காத்துப் பீரங்கியால பந்தைச் சுட்டுப் பாப்பினமாம். செய்தவன் தன்ர சாமானுக்குத் தானே சான்று குடுக்கேலாது. எங்கட கூட்டங்களில கணக்கு எழுதினவரே கணக்குச் சரி எண்டு கையெழுத்தும் வைக்கிற வசதி பாவம் அங்க இல்லை. செய்தவனைக் கேளாமல் தொப்பியில ஓட்டை போட்டால், பெயிண்ட் அடிச்சால், முத்திரை அதோட செத்துப்போகும். நீங்கள் வாங்கின அண்டைக்கே கழகத்தின்ர பேரையும் காசு குடுத்தவரின்ர படத்தையும் அடிப்பியள். அடியுங்கோ. தலை உடைஞ்சாலும் ஆற்ற உபயம் எண்டு சனத்துக்குத் தெரிய வேணுமே.

நெஞ்சு மெத்தை என்னத்துக்கு எண்டும் கேட்டன். பந்து விலாவை முறிக்க வேணும் எண்டில்லையாம். ரெண்டு துடிப்புக்கு இடையில, கண்ணிமைக்கிறதைவிடச் சின்ன நேரத்தில, இதயத்துக்கு நேர தட்டுப்பட்டால் தாளம் தப்பி ஆள் விழுந்திடும். உடன கரண்ட் குடுத்து எழுப்புற பெட்டி பக்கத்தில இருக்க வேணும். அந்தத் தாளத்தைக் காக்குமோ எண்டு மெத்தையை அளக்கிற விதி 2017-ல தான் வந்தது. 2020 தை மாசம் தொடக்கம் அமெரிக்க உயர்பள்ளி பேஸ்போல் கேட்சர்மார் அந்த முத்திரை இல்லாமல் இறங்கேலாது. 2015-ல இங்கிலாந்தில எங்கட தமிழ்ப் பொடியன் ஒருத்தன் கிரிக்கெட் விளையாடேக்க பந்து நெஞ்சில பட்டு விழுந்தவன் எழும்பேல்லை. அதைப் பகிடியாய்ச் சொல்ல எனக்கு வராது.

சரி, முத்திரை இருந்தால் போதும்தானே எண்டு நீ வாயைத் திறக்கிறாய். முத்திரையை மடு மாதா கோயில் மண் எண்டு நினைச்சியோ? ஆவணித் திருவிழாவுக்கு வாற சனம் பாம்பு அண்டாமல் இருக்கக் கைப்பிடி மண் கொண்டுபோகும், வீட்டு அத்திவாரத்திலயும் போடும். நானும் போட்டவன்தான். ஆனால் ராவில கிணத்தடிக்குப் போகேக்க டோர்ச் அடிச்சுத்தான் போறன். மாதா அதுக்கு ஒருநாளும் கோவிச்சதில்லை.

கிரிக்கெட் பந்து பட்டுச் செத்த அவுஸ்திரேலியாத் துடுப்பாட்டக்காரன் பிலிப் ஹியூஸும் 2014 கார்த்திகையில சிட்னியில தொப்பியோடதான் நிண்டவர். பந்து தொப்பிக்குக் கீழ, கழுத்தில பட்டுது. அது பழைய மொடல். புது பிரித்தானிய விதிக்கு அமைஞ்ச தொப்பியாய் இருந்திருந்தாலும் பட்ட இடத்தை மூடியிராது எண்டு பிறகு ஆராய்ஞ்ச ஆக்கள் சொல்லிச்சினம். முத்திரை பாத்த இடம் வேற, பந்து பாத்த இடம் வேற. கழுத்துக் காப்பை அந்த விதியில சேர்க்க 2019 ஆச்சுது.

இனி உன்ர தொப்பிக்கு வருவம். கொண்டா பாப்பம். இது வளந்த ஆம்பிளையின்ர அளவு. உங்கட காப்பாளன் இடப்பக்கம் திரும்பேக்க தொப்பி வலப்பக்கம் பாத்துக்கொண்டு நிக்கும். உள்ளுக்கு ஒரு துவாயைச் சுத்தி வைக்கலாம் எண்டு செயலாளர் சொன்னவராம். நல்ல யோசினை, துவாய்க்கு ஒரு கீறலும் வராது. பின்பக்கம் என்ன வெடிப்பு? டிசைனோ? சரி, டிசைன்தான்.

முத்திரையும் இருக்கு எண்டனீ. இந்தா, உள்ளுக்கு ஒரு ஸ்டிக்கர் கிடக்கு. இங்கிலீசுதான். அந்தக் கண்ணாடியை எடு. ம்... ஈரத்துணியால துடைக்கவாம். வெயிலில வைக்கக் கூடாதாம்.

வெயிலில வைக்கக் கூடாதாம், மோனே. மடுவில நீங்கள் எந்த மாசம் விளையாடப் போறியள்?