ஏழு டிகிரி அண்ணை

"மாத்தியாச்சோ?"

ஒக்டோபர் கடைசியில் ஒருநாள் காலை ஏழரை மணிக்கு ஃபோன் அடித்தால் அந்தப் பக்கத்தில் வரும் முதல் சொல் இதுதான். வணக்கமும் இராது, சுகம் விசாரிப்பும் இராது. எதை மாற்றுவது என்றும் சொல்லமாட்டார். நான் வேலை மாறியிருந்தாலும் வீடு மாறியிருந்தாலும், கேள்வி ரயரைப் பற்றியது என்று நானாக விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஸ்காபரோவில் எங்கள் ஆட்கள் குடும்பம் குடும்பமாய்க் கிளைவிட்டதில் சில பதவிகள் தாமாகவே அமைந்துவிட்டன. வருமான வரிப் பத்திரம் நிரப்ப ஒரு மச்சான், செத்தவீட்டு ஒழுங்குகளுக்கு ஒரு சித்தப்பா, விமான ரிக்கற் மலிவாய்ப் பிடிக்க ஒரு மாமி. அந்த வரிசையில் ரயருக்கு ஓர் அண்ணை. எங்களுடையவர் அத்தானின் ஒன்றுவிட்ட தமையன். மற்ற மாதங்களில் அந்த முறையைச் சொல்லி விளங்கப்படுத்துவதற்குள் களைத்துப்போகும். நவம்பரில் மட்டும் அவர் எல்லாருக்கும் கிட்டின சொந்தம்.

ஆளைக் கண்டுபிடிப்பது லேசு. கோயிலில் பூசை முடிந்து சனம் அன்னதானத்துக்கு வரிசை பிடிக்கும்போது, கார் நிறுத்தும் இடத்தில் ஒருவர் குந்தியிருப்பார். கையில் இரண்டு டொலர் குற்றி. அதை ரயரின் வெட்டுக்குள் நட்டுவைத்து, குற்றியில் இருக்கும் பனிக்கரடி எவ்வளவு தெரிகிறது என்று பார்ப்பார். கரடியின் பாதம் வரை வெட்டு ஏறினால் ரயர் புதுசு. வெள்ளி வளையத்தின் பாதியோடு நின்றால் பாதி ஆயுள் போய்விட்டது. விளிம்பில் இருக்கும் எழுத்தை மட்டும் மறைத்தால், "இது ரயர் இல்லைத் தம்பி, வழுக்கு மரம்" என்பார். யாருடைய கார் என்பது அவருக்கு முக்கியமில்லை. ஒருமுறை குருக்களின் கார். அண்ணை நேரே உள்ளே போய், அர்ச்சனைத் தட்டோடு நின்ற சனத்தை விலக்கி, "ஐயா, உங்கடை பின் ரெண்டும் போச்சு" என்றார். ஐயர் முதுகைத் தடவிப் பார்த்ததை நான் கண்ணால் கண்டேன்.

அண்ணையின் ஞானம் முழுவதும் ஏழு என்ற எண்ணுக்குள் அடங்கும். வெப்பம் ஏழு டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண ரயரின் றப்பர் இறுகத் தொடங்கும், தரையைப் பிடிக்காது. சினோ கொட்ட வேண்டும் என்றே இல்லை. காய்ந்த தெருவிலும் இதே கதைதான். இதை ரயர்க் கடைக்காரர் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். அண்ணைக்கு அரை மணித்தியாலம் வேண்டும். அவருடைய தகப்பனார் களுத்துறைப் பக்கம் றப்பர்த் தோட்டம் ஒன்றில் கிளாக்கராய் இருந்தவர். ஆகவே கதை அங்கேயிருந்துதான் புறப்படும்.

"றப்பர் ஆரெண்டு நினைக்கிறீர்? பிரேசிலிலை பிறந்து, லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய், 1876இலை கம்பகா ஹெனரத்கொடவிலை வந்து வேர் விட்ட சாமான். அதுவும் லண்டன் பாத்திட்டுத்தான் எங்கடை நாட்டுக்கு வந்தது. வெக்கை ஊர் ஆள். குளிர் கண்டா விறைக்கும். நீர் விறைக்கேல்லையோ? உமக்குத் தெர்மல் உள்ளுடுப்பு வேணும், ரயருக்கு வேண்டாமோ?"

வின்ரர் ரயர் என்பது அந்த உள்ளுடுப்புத்தான். இயற்கை றப்பரும் சிலிக்காவும் கூடச் சேர்த்து, குளிரிலும் இளகி நிற்கும்படி செய்தது. பக்கவாட்டில் மூன்று முடி கொண்ட மலையும் நடுவில் ஒரு பனிப்பூவும் குத்தியிருக்கும். அந்தக் குறி இல்லாமல் வெறும் 'எம் பிளஸ் எஸ்' மட்டும் இருந்தால், அண்ணையின் கணக்கில் அது பூணூல் மட்டும் போட்ட ஐயர், மந்திரம் தெரியாது. 'ஓல் சீசன்' என்று எழுதியவன் கனடாவைக் காணாதவன் என்பது அவருடைய உறுதியான எண்ணம்.

இதெல்லாம் சரிதான். கரைச்சலே அதுதான். பிழையாய்ச் சொல்கிறவரென்றால் ஒரு சிரிப்போடு கடந்து போகலாம். எப்போதும் சரியாகச் சொல்கிற மனிசனை என்ன செய்வது? கனடாவுக்கு வந்த முதல் சில வருடங்கள் நான் வின்ரர் ரயர் போடாததற்குக் காசு காரணமில்லை, அண்ணைதான் காரணம். ஒன்ராறியோவில் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. 2016 தொடக்கம் வின்ரர் ரயர் போட்டவர்களுக்கு இன்சூரன்ஸ்காரர் கழிவு கொடுத்தேயாக வேண்டும் என்று விதி வந்தபோது, அந்தச் செய்தியைப் பத்திரிகையிலிருந்து வெட்டி என் தபால்பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போனார். நான் அசையவில்லை.

அடுத்த வருடம் ஜனவரியில் ஒரு சின்ன இறக்கம். முன்னால் சிவப்பு விளக்கு. பிரேக்கை மிதித்தேன், காலுக்குக் கீழே கடகடவென்று ஏதோ அரைபட்டதே தவிர, கார் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. மெதுவாகத்தான் போனது. ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி எல்லாவற்றையும் யோசிக்க நேரம் இருந்தது. கடைசியில் நடைபாதை விளிம்பில் மோதி, றிம் வளைந்து நின்றது. இழுவை வண்டிக்கு முன்னமே அண்ணை வந்து சேர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேரே ரயருக்குப் பக்கத்தில் குந்தி, கையுறையால் சினோவைத் துடைத்து, பக்கவாட்டில் இருந்த கடைசி நாலு இலக்கத்தை வாசித்தார்.

"2309. 2009ஆம் ஆண்டு இருபத்திமூண்டாம் கிழமை செய்தது. பள்ளிக்கூடம் போற வயசு."

பிறகுதான் நிமிர்ந்து, "உமக்கு ஒண்டுமில்லைத்தானே?" என்று கேட்டார்.

அன்றைக்கு நான் சரணடைந்தேன். அதற்குப் பிறகு வருடத்துக்கு இரண்டு தரம் என் வீட்டு முன்றிலில் அண்ணையின் திருவிழா. நாள் குறிப்பது அவர்தான், அதற்கு அவரிடம் ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது: "கந்தசட்டிக்கு மாத்து, சித்திரை வருசத்துக்குக் கழட்டு." முதல் சினோ விழுந்த பிறகு கராஜ்களுக்கு அடித்துப் பிடித்து ஓடி, மூன்று கிழமைக்கு இடமில்லை என்று கேட்டுத் திரும்பும் சனத்தைப் பற்றிப் பேசும்போது அவர் குரலில் ஒரு கருணை வரும். சூரன்போர் முடிந்த பிறகு விரதம் தொடங்குகிறவர்களாம்.

வேலை செய்யும்போது அண்ணை வேறு ஆள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய காலத்தில், இவர் ஊரில் சைக்கிள்களுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர். கிழிந்த ரயருக்குள் பழைய ரயர்த் துண்டை வைத்து ஓடவிட்ட கை. அந்தக் கைக்கு நாலு நட்டு என்ன கணக்கா? ஜக்கை உயர்த்துமுன் நட்டுகளைக் கால் சுற்று இளக்குவார். சில்லு தரையில் நிற்கும்போதே இளக்காவிட்டால் பிறகு நட்டோடு சேர்ந்து சில்லும் சுற்றும். பூட்டும்போது ஒன்றை இறுக்கினால் அடுத்தது பக்கத்து நட்டு இல்லை, எதிர்ப்பக்கத்து நட்டு. நட்சத்திரம் கீறுவது போலக் கை தாவித் தாவிப் போகும். கடைசியில் ரோர்க் ரெஞ்ச். அது 'ரிக்' என்று ஒரு சத்தம் போடும். அண்ணை அந்த நேரம் கண்ணை மூடிக்கொள்வார். சங்கீதக் கச்சேரியில் சுருதி சேர்ந்ததும் சிலர் மூடுவார்களே, அப்படி.

கழற்றிய ரயர்களில் சோக்கட்டியால் தமிழில் எழுதிவைப்பார்: மு.இ., மு.வ., பி.இ., பி.வ. முன் இடது, பின் வலது என்று அர்த்தம். ஒரு சித்திரைக்கு அவர் முதுகு பிடித்துப் படுத்துவிட, நான் ரயர்களைக் கராஜுக்குக் கொண்டுபோனேன். அங்கே நின்ற பெடியன் எங்கள் பெடியன்தான், இங்கே பிறந்தவன். எழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அங்கிள், இது ஜப்பான் ரயரோ?" என்றான். அதை அண்ணையிடம் இன்னும் சொல்லவில்லை.

பூட்டிய இரண்டாம் நாள் மறுபடி ஃபோன். "நூறு கிலோமீற்றர் ஓடியாச்சோ?" நட்டுகளை இன்னொருதரம் இறுக்கிப் பார்க்க வேண்டுமாம். இதுவும் சரிதான், கராஜ்காரரும் பற்றுச்சீட்டில் அடித்துத் தருவதுதான்.

அண்ணை தடுமாறி நான் கண்டது ஒரே ஒரு விஷயத்தில். 'ஓல் வெதர்' என்று ஒரு வகை ரயர் இருக்கிறது. மலையும் பனிப்பூவும் அதிலும் உண்டு. வருடம் முழுக்க அதையே ஓட்டலாம், மாற்றவே தேவையில்லை. நான் ஒருநாள் அதன் பெயரை எடுத்தேன். வழக்கமாய் அரை மணித்தியாலம் பேசுகிறவர் தேத்தண்ணிக் கோப்பையை உருட்டிக்கொண்டு இருந்தார். "அதிலையும் மலை இருக்குத்தான்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வெய்யிலுக்குக் கெதியாய்த் தேயும்." பிறகு எழும்பி, வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, "பிறகு வருசத்திலை ரெண்டு தரம் என்னத்துக்கு வாறது?" என்றார். எனக்குச் சொன்னாரா, சப்பாத்துக்குச் சொன்னாரா தெரியாது. நான் இன்றுவரை ஓல் வெதர் வாங்கவில்லை.

போன ஜனவரியில் அக்காவின் மகளுக்கு மொன்றியலில் இருந்து ஒரு பேச்சுக்கால் வந்தது. பெடியன் குடும்பம் ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீற்றர் ஓடி வந்து இறங்கியிருக்கிறது. வடை, கேசரி, பால்தேத்தண்ணி எல்லாம் மேசையில். பெரிய ஆள் முறையில் அண்ணையும் வந்திருந்தார். பெடியனின் தகப்பன் ஊரில் தங்கள் பரம்பரை வளவைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் அண்ணை எழுந்து வெளியே போனார். ஜன்னலால் பார்த்தேன். வந்தவர்களின் காரைச் சுற்றி ஒரு வலம். முன்னுக்குக் குந்தினார், பின்னுக்குக் குந்தினார். குற்றி மினுங்கியது.

அவர்கள் போன பிறகு அக்கா கேட்டாள், "என்ன அண்ணை, எப்பிடி இடம்?"

"நாலும் ஒரே கொம்பனி, ஒரே வருசம். முன்னுக்கு மட்டும் ரெண்டைப் போட்டுப் பேய்க்காட்டுற ஆக்கள் இல்லை. பின்பக்கம் வால் வீசாது."

"அப்ப நல்லதெண்டுறியள்?"

"அவசரப்படாதை பிள்ளை. கியூபெக்கிலை டிசெம்பர் 1இலை இருந்து மார்ச் 15 வரைக்கும் சட்டம். போடாட்டி இருநூறு, முந்நூறு டொலர் தண்டம். பயத்திலை போட்டதுக்கு மார்க்ஸ் குடுக்கேலாது. பெடியன்ரை குணம் தெரியவேணுமெண்டால் மார்ச் 16இலை பாக்கவேணும்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கேசரியைப் பார்த்தேன். பிள்ளையும் பெடியனும் டிசெம்பரில் இருந்தே ஒவ்வொரு இரவும் கதைத்துக்கொண்டிருப்பது அந்த வீட்டில் அண்ணையைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

மார்ச் 16 இரவு பதினொரு மணிக்கு ஃபோன் அடித்தது. எடுத்தேன். அந்தப் பக்கத்தில் காற்றுச் சத்தம்.

"கழட்டேல்லைத் தம்பி. நாலும் அப்பிடியே நிக்குது. அக்காவிட்டைச் சொல்லும், நல்ல குடும்பம்."

"அண்ணை, எங்கை நிக்கிறியள்?"

"மொன்றியலிலை. ஒரு குடிபூரலுக்கு வந்தனான். ஆனா காத்துக் காணாது, முன் ரெண்டும் முப்பதுதான் காட்டுது. அதைக் கலியாணத்துக்குப் பிறகு சொல்லுவம்."

"இருட்டுக்கை அவையின்ரை காருக்குப் பக்கத்திலையோ குந்தியிருக்கிறியள்?"

"மெள்ளக் கதையும்," என்றார் அண்ணை. "நாய் இருக்கு."