எச்சவியல்: மொட்டைமாடிக் கம்பிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. வரையறை

தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் மொட்டைமாடிகளை நோட்டமிடுவோர், அவற்றின் மூலைகளில் இடுப்பளவு உயரத்தில் துருவேறி நிற்கும் இரும்புக் கம்பிகளைக் காணலாம். பின்னாளில் மேல்மாடி எழுப்பும் எண்ணத்தோடு தூண் கம்பிகளை வெட்டாமல் நீட்டி நிறுத்தும் இவ்வழக்கம் ‘கம்பி விட்டு வைத்தல்’ எனப்படும். ‘கம்பி நீட்டுதல்’ என்னும் தொடர் சொல்லாமல் நழுவி ஓடுவதைக் குறிப்பதற்கும் இவ்வழக்கத்துக்கும் தொடர்புண்டா என்பது மொழிநூலார் ஆராய்தற்குரியது.

எண்ணப்பட்டு, தொடங்கப்பட்டு, முடிவு பெறாது நிற்கும் செயலை இக்கட்டுரை ‘எச்சம்’ என்று குறிக்கிறது. முற்றுப்பெற்ற வினையை முற்று என்றும் முற்றுப்பெறாததை எச்சம் என்றும் பகுத்த இலக்கணத்திடமிருந்து இச்சொல் கடன் பெறப்பட்டது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் ஒன்பதாம் இயலுக்கு எச்சவியல் என்றே பெயர். எச்சத்தைப் பற்றி எழுதிய ஆசிரியர் அவ்வியலை எச்சமாக விடாமல் முடித்து, பொருளதிகாரத்துக்கும் சென்றார் என்பது இத்துறையினர் சற்றுப் பொறாமையோடு குறிப்பிடும் செய்தியாகும்.

2. வகைப்பாடு

எச்சம் மூவகைப்படும். முதலாவது கல்லெச்சம், மொட்டைமாடிக் கம்பி இதன் எளிய வடிவம். 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் தொடங்கி, கல்லாலான அடிப்பகுதியோடு நின்றுபோன மதுரை இராயகோபுரம் இதன் அரச வடிவம். இரண்டாவது தாளெச்சம், சனவரி முதல் நாளன்று பிள்ளையார் சுழியிட்டுத் தொடங்கப்பெறும் நாட்குறிப்பில் முதல் மூன்று பக்கங்கள் முத்து முத்தான கையெழுத்திலும், நான்காம் பக்கம் கோழிக் கிறுக்கலிலும், ஐந்தாம் பக்கம் முதல் பால் கணக்காகவும் அமைவது இதன் இயல்பு. மூன்றாவது சொல்லெச்சம், இப்பெயர் இலக்கணத்தில் வேறு பொருளில் வழங்கினும், இங்கே வாயளவில் பிறந்து வாயளவிலேயே நின்றுவிடும் செயலைக் குறிக்கும். எண்ணிக்கையில் மிகுந்ததும் இடத்தை அடைக்காததும் இதுவே.

3. காரணங்கள்

சொல்லெச்சத்தின் மூல வாய்பாடு ‘செய்யலாம்னு இருக்கேன்’ என்பதாகும். இத்தொடரில் ‘செய்யலாம்’ என்பது காலம் காட்டுவதில்லை. காலமும் இடமும் காட்டி முற்றாக நிற்கும் வினை ‘இருக்கேன்’ ஒன்றே. ஆகவே, பேசுவோர் உறுதியாகச் செய்துகொண்டிருப்பது இருத்தல் மட்டுமே எனினும், தொடர் இலக்கணப்படி முற்றுப்பெற்றுவிடுவதால் செயலே முற்றுப்பெற்ற நிறைவு அவர் முகத்தில் தோன்றுகிறது. பீட்டர் கோல்விட்சரும் அவர்தம் குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, ஒருவர் தாம் அடைய விரும்பும் நிலை குறித்த எண்ணத்தைப் பிறர் அறிந்துகொண்டாலே அதற்கான உழைப்பு குறையக்கூடும் என்று காட்டியது. டீக்கடைப் பெஞ்சுகளில் இவ்வுண்மை அதற்கு முன்பே பலமுறை மெய்ப்பிக்கப்பட்டுள்ளது.

இரண்டாவது காரணம் சடங்கு சார்ந்தது. முதலுக்குப் பூமி பூசை உண்டு, அடிக்கல் நாட்டு விழா உண்டு. கடைக்குப் புதுமனைப் புகுவிழா உண்டு, குடமுழுக்கு உண்டு. இடைக்கோ நல்ல நேரம் குறித்துத் தரும் பஞ்சாங்கம் எதுவும் இல்லை. பதினேழாம் நாள் காலை செங்கல் நனைப்பவருக்கு மாலையிட எவரும் வருவதில்லை. 1997இல் சென்னையில் நடைபெற்ற ‘மருதநாயகம்’ திரைப்படத் தொடக்க விழாவுக்கு இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத்தே வந்திருந்தும், அப்படம் முடிவடையவில்லை. இலக்கணத்தில் இடைச்சொல் தனித்து இயங்காதது போலவே, செயலின் இடைப்பகுதியும் தன்னளவில் எவரையும் இயக்குவதில்லை.

மூன்றாவது, காலத்தைக் குறைத்து மதிக்கும் பிழை. 1994இல் வெளியான ஓர் ஆய்வில், பட்ட ஆய்வேட்டை முடிக்கத் தமக்குச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று கணித்த கனடிய மாணவர்கள் உண்மையில் 55 நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டனர். எண்ணத்தில் மழை பெய்வதில்லை; ஆற்று மணல் விலை ஏறுவதில்லை; கொத்தனாரின் மைத்துனருக்குத் திருமணம் நடப்பதுமில்லை.

4. மறுப்பும் விடையும்

பொருளின்மையே எச்சத்துக்குக் காரணம் என்பாரும் உளர். கம்பியைப் பொறுத்தவரை அவர் கூற்று ஏற்கத்தக்கதே. ஆயின், நாட்குறிப்பின் நான்காம் பக்கத்தை எழுதுவதற்கு முதல் மூன்று பக்கங்களுக்கு ஆனதை விடக் கூடுதலாகச் செலவாகாது என்பதால் அக்கூற்று பொதுவிதி ஆகாது.

5. எச்சம் முற்றாதல்

எச்சம் முற்றாகும் அரிய நிகழ்வுக்குச் சான்று திருவரங்கம். விசயநகர அரசர் காலத்தில் தொடங்கி நூற்றாண்டுகளாக மொட்டைக் கோபுரமாக நின்ற அதன் தெற்கு வாயில், அகோபில மடத்தின் 44ஆம் பட்டம் ஜீயரது முயற்சியால், 13 நிலைகளும் 236 அடி உயரமும் கொண்ட இராசகோபுரமாக 1987இல் நிறைவுற்றது. இங்கே இரு கூறுகள் கருதத்தக்கன. முதலில் எண்ணியவர் எவரும் அப்போது உயிரோடு இல்லை. ஆகவே வேலையின் நடுவே வந்து ‘இதை இப்படி மாற்றினால் என்ன’ என்று கேட்கவும் அவர்களால் இயலவில்லை. அதனினும் சிறப்பாக, பல நிலைகளின் செலவைத் தனித்தனி நன்கொடையாளர் ஏற்றனர். அவர்களுள் எவரும் கோபுரம் கட்ட முன்வரவில்லை; ஒரு நிலை கட்டவே முன்வந்தனர். பெயரற்றுக் கிடந்த இடைப்பகுதி இவ்வாறு பல சிறு கடைகளாகப் பகுக்கப்பட்டபோது, ஒவ்வொன்றுக்கும் ஒரு முற்று கிடைத்தது.

இம்முறையைக் கல்வெட்டுத் துணையின்றியே அறிந்தவர் மேஸ்திரி. மேல்மாடியில் எங்கே ஊஞ்சல், எங்கே நூலகம், எந்தச் சாளரத்தின் வழியே நிலவு தெரிய வேண்டும் என்று வீட்டுக்காரர் அரை மணி நேரம் விரித்துரைப்பதைப் பொறுமையோடு கேட்டபின், அவர் கேட்பது ஒரே கேள்வி: “நாளைக்கு எத்தனை மூட்டை சிமென்ட் சார் இறக்கப் போறீங்க?” கம்பிகளின் வருங்காலம் முழுவதும் அவ்விடையைச் சார்ந்து நிற்கிறது. வீட்டுக்காரர் சற்று யோசித்து, “இறக்கலாம்னு இருக்கேன்” என்கிறார்.