‘ஒரு மழை வெச்சுடலாம் மச்சி’

சென்னையில் அனிமேஷன் படிக்கும் பிள்ளைகள் ஐந்தாறு பேர் சேர்ந்து குறும்படம் எடுக்கப் புறப்பட்டால், அதில் ஒருவருக்கு வரைய வராது. அவர்தான் இயக்குநர்.

யாரும் தேர்ந்தெடுத்ததில்லை. முதல் நாள் கேன்டீனில் மற்றவர்கள் நோட்டைத் திறந்து பென்சில் தேடிக்கொண்டிருக்கும்போது, கையில் ஒன்றுமில்லாதவர் பேச ஆரம்பிக்கிறார். பதவி வந்து சேர்ந்துவிடுகிறது. “ஓப்பன் பண்ணா…” என்று இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு சட்டம் கட்டுவார். அவர் போட்ட ஃப்ரேம் அது ஒன்றுதான்.

நொடிக்கு 24 ஃப்ரேம். ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்திச் சிக்கனம் பிடித்தாலும் நொடிக்கு 12 படம் வரைந்தாக வேண்டும். மூன்று நிமிடத்துக்கு 2,160. இந்தக் கணக்கு குழுவில் ஒரு பெண்ணுக்கு மட்டும் மனப்பாடம். வரைவது அவள். இயக்குநருக்குத் தெரிந்ததெல்லாம் ‘ஃபீல்’. “தாத்தா தனியா நிக்கிறாரு. இங்க ஒரு மழை வெச்சுடலாம் மச்சி.” மழை மட்டுமென்றால் சில படங்களை வரைந்து திரும்பத் திரும்ப ஓட்டிவிடலாம். தாத்தாவின் வேட்டி நனைந்து காலில் ஒட்டவும் வேண்டுமாம். ராத்திரியெல்லாம் விழித்து அவள் முடித்ததும், காலையில் வந்து பார்ப்பார். கண்ணை மூடி யோசிப்பார். “வெயில்தான் இன்னும் வலிக்கும்ல?”

அடுத்து தேர்த்திருவிழா கேட்பார். கூட்டத்தில் ஆளுக்கொரு நடை வேண்டும் என்பார். யாராவது முகம் சுளித்தால் ‘ஃப்ளோ’வை எடுத்துவிடுவார்: லாட்வியாக்காரர் ஒருவர், காசில்லாமல் கிடைக்கும் பிளெண்டர் மென்பொருளில் செய்த படம் 2025இல் ஆஸ்கர் வாங்கவில்லையா? வாங்கியது. அந்த கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் அதற்கு முந்தைய முழுநீளப் படத்தை ஒற்றை ஆளாக உட்கார்ந்து செய்தவர் என்பதை மட்டும் நம்மவர் சொல்ல மாட்டார்.

கெடு நெருங்க, அவள் தன் வைத்தியத்தைத் தொடங்குகிறாள். உதட்டசைவு வரைய நேரமில்லை. தாத்தா முதுகைக் காட்டி நின்றுகொள்கிறார். கால் வரைய நேரமில்லை. ஊரெங்கும் இடுப்பளவு புல் முளைக்கிறது. தேர் பனிமூட்டத்துக்குள் போய்விட, நாதஸ்வரம் மட்டும் கேட்கிறது. (நல்ல பனிமூட்டம். குறை சொல்ல மாட்டேன்.) மூன்று நிமிடம் ஒன்றரையாகிறது. இந்த நாட்களில் இயக்குநர் டீ வாங்கி வருவார். அதிலும் குறை சொல்ல முடியாது. பன்னும் சேர்த்தே வாங்கி வருவார்.

வைவா அன்று, வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்கிறார்: “பெரியவர் ஏன் கடைசிவரைக்கும் திரும்பவே இல்ல?”

அவள் வாயைத் திறப்பதற்குள் இயக்குநர் எழுந்துவிடுகிறார். “சமூகம் அவர் முகத்தைப் பார்க்க மறுக்குது சார்.”

“அந்தப் புல்லு?”

“நகரமயமாக்கல், சார்.”

“பனி?”

“நினைவு, சார். மங்கிடுச்சு.”

தேர்வாளர் குறித்துக்கொள்கிறார். அவளும் குறித்துக்கொள்கிறாள்.

மதிப்பெண் நன்றாகவே வருகிறது. படத்தின் முடிவில் கதை, திரைக்கதை, இயக்கம், ஒளிப்பதிவு எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். கேமராவே தொடாத படத்துக்கு என்ன ஒளிப்பதிவு என்று யாரும் கேட்பதில்லை. அன்று மாலையே வாட்ஸ்அப்பில் சேதி: “மச்சி, அடுத்தது ஃபுல் லென்த். 90 நிமிஷம். கடல்ல ஆரம்பிக்கிறோம்.”

அவள் பதிலுக்கு ஓர் எண்ணை மட்டும் அனுப்புகிறாள்: 64,800.

“செம! அதுக்குள்ள பட்ஜெட்டும் போட்டுட்டியா?”