பாம்பைப் பார்த்தது யார்?

அச்சகத்தில் ஆங்கிலப் புரூஃப் பார்த்து ஓய்வு பெற்றவன் அபார்ட்மெண்டில் குடியேறக் கூடாது. குடியேறினாலும் வாயைத் திறக்கக் கூடாது. நான் திறக்கவில்லை, என் மனைவி திறந்துவிட்டாள். கீழ்வீட்டு அம்மாவிடம் பேச்சுவாக்கில், "இவருக்கு இங்கிலீஷ்ல ஒரு கமா தள்ளி இருந்தாக்கூட சோறு இறங்காது" என்று சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து பள்ளிக்கூட லீவ் லெட்டர், பெண்ணின் பயோடேட்டா, மீட்டர் ஓடுகிற ஓட்டம் பற்றிய புகார் என்று எல்லாமே என் வீட்டுக் காலிங் பெல்லைத்தான் அழுத்துகின்றன.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள்: "கிராமர் மட்டும் பாத்துக் குடுங்க சார்." அர்த்தத்தைப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை. தப்பித் தவறி, "இதுல என்ன சொல்ல வர்றீங்க?" என்று கேட்டுவிட்டால் முகம் வாடிப்போகும். அது தங்கள் சொந்த விஷயம் என்பது போல ஒரு பார்வை.

கிராமர் என்று இவர்கள் பயப்படுவது எதற்கு என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 'அண்ட்' போட்டு வாக்கியத்தை ஆரம்பிக்கலாமா? பிரிபொசிஷனில் கொண்டுபோய் முடிக்கலாமா? 'டு'வுக்கும் வினைச்சொல்லுக்கும் நடுவே இன்னொரு சொல் நுழையலாமா? ஏழாம் வகுப்பில் ஸ்கேலால் வாங்கிய அடி அறுபது வயதிலும் முட்டியில் வலிக்கிறது.

இந்தப் பயங்களுக்குப் பிறந்த தேதியே உண்டு. 1672-இல் டிரைடன் என்ற கவிஞர், 1637-இலேயே இறந்துபோன பென் ஜான்சனைப் பிடித்து, பிரிபொசிஷனை வாக்கியக் கடைசியில் போட்டுவிட்டீரே என்று குறை சொன்னார். செத்தவர் எப்படிப் பதில் சொல்வார்? அதோடு விட்டாரா, தம்முடைய பழைய கட்டுரையையே எடுத்து வைத்துக்கொண்டு கடைசியில் தொங்கியதை எல்லாம் முன்னால் நகர்த்தி மறுபதிப்புப் போட்டார். லத்தீனில் அப்படி முடிப்பதில்லை, ஆகவே ஆங்கிலத்திலும் கூடாது என்பதுதான் அன்றைய படித்தவர்களின் நியாயம். 1762-இல் ராபர்ட் லௌத் என்பவர் இலக்கணப் புத்தகம் எழுதினார். பிற்பாடு லண்டன் பிஷப் ஆனவர். அவர் பாவம், கண்டிப்பாகக்கூடச் சொல்லவில்லை. பேச்சில் அது சகஜம், கம்பீரமான எழுத்தில் முன்னால் வைப்பது நயம் என்றுதான் எழுதினார். அதை எழுதிய வாக்கியத்திலேயே ஓரிடத்தை 'டு' என்று பிரிபொசிஷனில் நிறுத்தியும் வைத்தார். குறும்பா, கைதவறலா என்று இன்றுவரை பேசிக்கொள்கிறார்கள். 'டு'வைப் பிரிக்காதே என்று 1864-இல் சொன்ன ஹென்றி ஆல்ஃபோர்டு, கான்டர்பரி தேவாலயத்தின் டீன். ஏனோ ஆங்கில இலக்கணத்தில் அங்கி போட்டவர்கள் அதிகம்.

இந்த விதிகளை எல்லாம் ஒருவர் காற்றில் பறக்கவிட்டாலும் அவர் சொல்வது புரியாமல் போகாது. புரியாமல் போவதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. அவற்றை எங்கள் அபார்ட்மெண்ட் செகரட்டரி நன்றாக அறிவார்.

போன மழைக்காலத்தில் எங்கள் கார் பார்க்கிங்கில் ஒரு பாம்பு வந்தது. மறுநாள் காலை செகரட்டரி ஒரு தாளோடு வந்தார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நோட்டீஸ் போர்டில் ஒட்டவும் வாட்ஸ்அப் குழுவில் போடவும் எழுதியிருந்தார்:

"இட் இஸ் ஹியர்பை இன்ஃபார்ம்டு தட் வைல் வாக்கிங் இன் தி பார்க்கிங் ஏரியா எ ஸ்நேக் வாஸ் ஸீன் அண்ட் தி சேம் வாஸ் இன்டிமேட்டடு டு தி டிரஷரர் பை தி வாட்ச்மேன் அஸ் ஹி வாஸ் ஃப்ரைட்டன்டு. நெசஸரி ஆக்‌ஷன் வாஸ் டேக்கன். இன் தி ப்ராசஸ் எ மைனர் டென்ட் வாஸ் ஃபார்ம்டு ஆன் எ வெஹிகிள். டாக்ஸ் அண்ட் சில்ட்ரன் வித்தவுட் லீஷ் ஆர் நாட் அலவுடு."

ஓர் எழுத்துப்பிழை கிடையாது. டென்ஸ் எல்லாம் சரி. 'எ', 'தி' எல்லாம் அநேகமாக அதனதன் இடத்தில் இருந்தன (நம்மவர்களுக்கு அது லேசுப்பட்ட காரியமில்லை, அதற்குத் தனிக் கட்டுரையே எழுதலாம், எழுத மாட்டேன்).

"சார், இதுல நடந்தது யாரு?" என்றேன்.

"பாம்பு வந்தது சார்."

"வந்தது சரி. நடந்தது யாரு? நீங்க எழுதினபடி பாம்புதான் பார்க்கிங்ல நடந்திருக்கு."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒருமுறை படித்தார். "வாட்ச்மேன்தான் ரவுண்ட்ஸ் போனான். பாம்புக்குக் கால் ஏது சார்? படிக்கிறவங்களுக்குத் தெரியாதா?"

நல்ல கேள்விதான். கால் இல்லாததால் அந்த வாக்கியம் பிழைத்தது. வந்தது குரங்காக இருந்திருந்தால் குரங்குதான் ரவுண்ட்ஸ் போயிருக்கும். வாக்கியத்தின் முன்பகுதியில் 'நடக்கும்போது' என்று ஆரம்பித்தால், அந்தப் பகுதி முடிந்ததும் முதலில் வந்து நிற்பவர்தான் நடந்தவர். ஆங்கிலத்தில் எழுதுகிற பாதிப் பேர் இங்கேதான் வழுக்குகிறார்கள். ஆச்சரியம் என்னவென்றால், செகரட்டரி தமிழில் இந்தத் தப்பைச் செய்யவே மாட்டார். 'பார்க்கிங்கில் நடந்து பாம்பு பார்க்கப்பட்டது' என்று அவர் வாயில் வராது. 'செய்து' என்ற வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலின் வினையைக் கொண்டுதான் முடிய வேண்டும் என்று தொல்காப்பியம் வினையியலில் எழுதி வைத்திருக்கிறது. 'கை முறிந்து வீழ்ந்தான்' என்றால் பரவாயில்லை, முறிந்தது கை, விழுந்தது ஆள், ஆனால் கை ஆளுடையதுதானே என்று அதற்கு ஒரு சலுகையும் உண்டு. டிரைடனுக்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முந்திய தொல்காப்பியர், கடைசியில் எது தொங்குகிறது என்று பார்க்காமல், யார் செய்தது என்று பார்த்திருக்கிறார். இதைச் செகரட்டரியிடம் சொன்னேன். "தொல்காப்பியத்துலயே பார்க்கிங் பத்தி இருக்கா?" என்றார்.

அடுத்து, பயந்தது யார்? 'ஹி வாஸ் ஃப்ரைட்டன்டு' என்றால் வாட்ச்மேனா, டிரஷரரா? டிரஷரர் இதைப் படித்தால் கணக்குப் புத்தகத்தை ஒப்படைத்துவிட்டுப் போய்விடுவார். தமிழில் இந்தக் குழப்பம் எழாது. 'அவன் பயந்ததால்' என்றால் வாட்ச்மேன், 'அவர் பயந்ததால்' என்றால் டிரஷரர். நம் மொழி தெளிவாக இருப்பதில் கொஞ்சம் பங்கு நம் மரியாதைக் குறைவுக்கும் உண்டு. பெருமைப்பட ஒன்றுமில்லை.

ஆனால் என் கண் நின்ற இடம் 'நெசஸரி ஆக்‌ஷன் வாஸ் டேக்கன்'.

"என்ன ஆக்‌ஷன் சார்? யார் எடுத்தது?"

"அதான்... எடுக்கப்பட்டது."

இந்தச் செயப்பாட்டு வினை நம் நாட்டுக்குள் எப்படி வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்: பள்ளிக்கூட இலக்கணப் புத்தகம் வழியாக. ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணத்தின் ரென், பம்பாய்ப் பக்கம் கல்வித் துறையில் இருந்தவர். 1924-இல் 'போ ஜெஸ்ட்' என்று பிரெஞ்சு அந்நியப் படையைப் பற்றி நாவல் எழுதிப் பெரும்புகழ் பெற்றார். அங்கே அவர் சாகசக் கதைக்காரர், இங்கே நமக்கு வகுப்பறை. 'ராமா கில்டு எ ஸ்நேக்' என்ற வாக்கியத்தைத் தலைகீழாக்கி 'எ ஸ்நேக் வாஸ் கில்டு பை ராமா' என்று எழுதாத மாணவன் நம் ஊரில் உண்டா? வேலைக்குப் போனதும் அவன் செய்கிற முதல் காரியம், அந்தக் கடைசி 'பை ராமா'வை வெட்டிவிடுவது. பாம்பு செத்தது நிச்சயம், ராமன் மேல் கேஸ் கிடையாது. ஃபைல் தொலைந்தது, சாலை தோண்டப்பட்டது, டெண்டர் ரத்துசெய்யப்பட்டது. எவருமே எதுவுமே செய்யாமல் ஒரு தேசம் இத்தனை வேலை பார்க்கிறது.

வெள்ளைக்காரர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. தங்கள் குமாஸ்தாக்கள் எழுதுவது தங்களுக்கே புரியவில்லை என்று பிரிட்டிஷ் நிதியமைச்சகம் எர்னஸ்ட் கவர்ஸ் என்ற அதிகாரியைக் கேட்டுக்கொள்ள, 'பிளெய்ன் வேர்ட்ஸ்' என்று அவர் ஒரு கையேடு எழுதினார். வந்த வருஷம் 1948. ஒரே ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் மூட்டை கட்டும்போது ஒரு பிரதியை மறந்து வைத்துவிட்டாவது போயிருப்பார்கள். அவர்கள் நமக்கு விட்டுப்போனது 'பெக் டு ஸ்டேட்' காலத்து ஆங்கிலம், நாம் இன்னும் பெக்கிக்கொண்டிருக்கிறோம்.

செயப்பாட்டு வினையே ஆகாது என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், செய்வினை கிடைக்கும் இடத்தில் செயப்பாட்டு வினையைத் தொடாதே என்று விதி போட்டார். அந்தக் கட்டுரையின் முதல் வாக்கியத்திலேயே ஒரு செயப்பாட்டு வினை உட்கார்ந்திருக்கிறது. அதனால் கட்டுரை கெட்டுப்போகவில்லை. பர்ஸ் திருடப்பட்டது என்றால் திருடன் பெயர் தெரியாது என்று அர்த்தம், அது நேர்மையான வாக்கியம். பெயர் தெரிந்தும் அப்படி எழுதினால்தான் வில்லங்கம்.

"உங்களுக்குப் பேர் தெரியுமா?" என்று கேட்டேன்.

செகரட்டரி உள்ளறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். டிரஷரர் தீயணைப்புத் துறைக்குப் போன் செய்தாராம். அவர்கள் வந்து, இது சாரைப்பாம்பு, விஷம் கிடையாது என்று சொல்லிக் கோணிப்பையில் போட்டுக்கொண்டு போனார்களாம். அவர்கள் வருவதற்கு முன்னால், "நான் சும்மா ஒரு முன்னெச்சரிக்கையா சி-3 வீட்டுக்காரரோட புதுக் கார் பானட் மேல ஏறி நின்னேன் சார்."

'எ மைனர் டென்ட் வாஸ் ஃபார்ம்டு.' வானத்திலிருந்து பனி விழுவது போல அந்தக் குழி தானே உண்டாகியிருந்தது.

நாய், குழந்தைகள் விஷயத்துக்கு வந்தோம். வாக்கியப்படி குழந்தைகளுக்கும் கயிறு கட்ட வேண்டும். இரட்டைக் குழந்தை வைத்திருக்கும் இரண்டாவது மாடிப் பெண் இதை உற்சாகமாக வரவேற்கக்கூடும் என்றாலும், 'வித்தவுட் லீஷ்' யாரைச் சேர்ந்ததோ அவர் பக்கத்தில் அதை வைப்பதுதான் முறை. இரண்டாகப் பிரித்து எழுதுங்கள் என்றேன்.

"ஒரு கமா போட்டா தீராதா சார்? இத்துனூண்டு விஷயம்."

கமாவைப் பற்றி இப்படிப் பேசினால் எனக்குக் கோபம் வரும். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்து ஓவர்டைம் சட்டத்தில், எந்தெந்த வேலைக்குக் கூடுதல் சம்பளம் தர வேண்டியதில்லை என்று ஒரு பட்டியல் இருந்தது. பதப்படுத்துதல், உறைய வைத்தல், சேமித்தல் என்று கமா போட்டுக்கொண்டே வந்து, கடைசியில் 'அனுப்புவதற்காக அல்லது விநியோகத்துக்காகப் பொட்டலம் கட்டுதல்' என்றும் படிக்கலாம், 'அனுப்புவதற்காகப் பொட்டலம் கட்டுதல், அல்லது விநியோகம்' என்றும் படிக்கலாம் என்ற மாதிரி, 'ஆர்' என்ற சொல்லுக்கு முன்னால் கமா இல்லாமல் விட்டிருந்தார்கள். ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி என்ற பால் நிறுவனத்தின் லாரி டிரைவர்கள், நாங்கள் விநியோகம்தான் செய்கிறோம், பொட்டலம் கட்டவில்லையே, எடுங்கள் ஓவர்டைமை என்றார்கள். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் டிரைவர்கள் பக்கம் நின்றது. மறுவருஷம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம். சட்டத்தைத் திருத்தியவர்கள் இந்த முறை கமாவையே நம்பாமல் செமிகோலன் போட்டார்கள்.

பணம் என்றதும் வங்கிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஐம்பது லட்சம் டாலரா? ஒரு கமாவுக்கா?" அதற்குப் பிறகு நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்.

அந்தச் சூட்டோடு நானே எழுதிக் கொடுத்தேன். சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்கள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: நேற்றிரவு வாட்ச்மேன் பார்க்கிங்கில் ஒரு பாம்பைப் பார்த்தார். டிரஷரரிடம் சொன்னார். டிரஷரர் தீயணைப்புத் துறையைக் கூப்பிட்டார். அவர்கள் பாம்பைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அது விஷமில்லாத சாரை. குழந்தைகளை இருட்டில் தனியாகக் கீழே அனுப்ப வேண்டாம். நாய்களைக் கயிற்றில் பிடித்து வாருங்கள். செகரட்டரி சி-3 காரின் மேல் ஏறியதில் பானட் நசுங்கியது.

ரசித்துப் படித்தார். "அடேயப்பா, என்ன தெளிவு!" கடைசி வரிக்கு வந்ததும் பேனாவைத் திறந்தார்.

"சார், தேவையில்லாத வார்த்தையை எடுத்துடணும்னு யாரோ ஒரு புரொஃபசர் சொன்னதாப் போன வாரம் சொன்னீங்களே?"

"ஸ்ட்ரங்க். கார்னெல் பல்கலைக்கழகம். 1918."

"பெரிய மனுஷன் சார்" என்று அந்த வரியை மட்டும் அடித்தார். ஸ்ட்ரங்க்கை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டவரை நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் நோட்டீஸ் குழுவில் வந்தது. கமிட்டி கூடிப் பேசியிருப்பார்கள் போல. 'ஹியர்பை' திரும்பி வந்திருந்தது, 'தி சேம்' வந்திருந்தது, குழந்தைகளை விட்டுவிட்டு நாய்களை மட்டும் கட்டியிருந்தார்கள், அந்த மட்டில் என் உழைப்பு வீண்போகவில்லை. சி-3 காரர் எப்படியும் காரைப் பார்ப்பார் என்று யாரோ எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும், 'டென்ட் வாஸ் ஃபார்ம்டு'ம் பழைய இடத்தில் இருந்தது. கீழே வரிசையாகக் கட்டைவிரல் படங்கள். ஒருவர் 'நோட்டட் வித் தேங்க்ஸ்' என்றார். இன்னொருவர் 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' என்றார், யாரை, எதற்கு என்று தெரியவில்லை.

ஒன்பதரை மணிக்கு சி-3 காரர் ஆபீஸிலிருந்து வந்தார். கார் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றிருப்பார் என்று நினைக்கிறேன். பிறகு குழுவில் இரண்டே சொல் போட்டார்.

"பை ஹூம்?"