பச்சைப் பூவும் நீல டிக்கும்

தொண்ணூறுகளின் கடைசியில், மணிக்கு இவ்வளவு என்று காசு கட்டி, பிரௌசிங் சென்டரில் முறை வரும்வரை காத்துக் கிடந்து, முன்பின் தெரியாதவர்களிடம் பேசினோம். இப்போது நெட் சட்டைப் பையிலேயே இருக்கிறது. தெரிந்தவர்களிடமிருந்து எப்படித் தப்பிப்பது என்பதுதான் கவலை.

முதலில் ஐ.ஆர்.சி. என்ற அரட்டை வசதி. பின்லாந்துக்காரர் யார்க்கோ ஓய்காரினென் 1988இல் எழுதியது. எங்கள் தெருவுக்கு வந்து சேரப் பத்து வருஷம் பிடித்தது. அரட்டை அறைக்குள் நுழைந்ததுமே ‘ஏ.எஸ்.எல்?’ என்பார்கள். வயசு என்ன, ஆணா பெண்ணா, எந்த ஊர். பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெரியவர் விசாரிப்பதும் ஏறக்குறைய இதுதான், சாதியையும் சேர்த்து. அந்த மட்டில் விஞ்ஞானம் முன்னேற்றம்தான்.

1996இல் இஸ்ரேலிலிருந்து ஐ.சி.க்யூ. வந்தது. நண்பர்களில் யார் இப்போது கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறார் என்று அது காட்டியது. பேசுவதைவிட அதுதான் பெரிய போதை. பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் பூ பச்சையானால் ஆள் வந்தாச்சு. பிறகு யாஹூ மெசஞ்சர். பதில் வரவில்லையா, ஒரு பொத்தானை அழுத்தினால் எதிராளியின் திரையில் ஜன்னலே குலுங்கும். இன்று யாரையாவது அப்படிக் குலுக்கிப் பாருங்கள், அடுத்த நிமிஷம் பிளாக்! யாஹூவிலேயே ஆள் இருந்துகொண்டே இல்லாததுபோல் காட்டிக்கொள்ளும் வசதியும் உண்டு. ஒளிந்திருப்பவரைக் காட்டிக்கொடுக்கத் தனியாக இணையதளங்கள் முளைத்தன. பிழைக்கத் தெரிந்தவர்கள்.

ஒரு மெசஞ்சரில் இருப்பவர் இன்னொன்றில் இருப்பவரோடு பேச முடியாது. யாஹூவும் மைக்ரோசாப்டும் 2006இல்தான் ராசியாகி நடுக்கதவைத் திறந்தன. இப்போது வாட்ஸ்அப்பின் கதவைத் திறக்க ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே போட வேண்டியிருக்கிறது.

அந்த வாட்ஸ்அப்பும் 2009இல் தொடங்கியபோது செய்தி அனுப்புவதற்கானது அல்ல. ‘ஜிம்மில் இருக்கிறேன்’, ‘சார்ஜ் தீரப் போகிறது’ என்று பெயருக்குப் பக்கத்தில் ஒரு வரி காட்டத்தான். செய்தியெல்லாம் அப்புறம். 2014 நவம்பரில், செய்தியைப் படித்தாயிற்று என்று காட்டிக்கொடுக்கும் நீல டிக் வந்ததும் உலகமே கூச்சல் போட்டது. அதே மாதத்தில் அதை அணைக்கவும் வழி செய்துவிட்டார்கள். கடைசியாக எப்போது வந்தோம் என்பதை மறைக்கலாம், இப்போது இருப்பதையும் மறைக்கலாம். பச்சைப் பூவுக்காகத் தவம் கிடந்த தலைமுறைதான் இத்தனை திரையையும் இழுத்து மூடுகிறது.

யாஹூ மெசஞ்சர் 2018இல் போனது, ஐ.சி.க்யூ. 2024இல், ஸ்கைப் 2025இல். எதற்கும் பதினாறாம் நாள் காரியம் செய்தவர் இல்லை.

போன வாரம் அக்கா மகனுக்கு நேரடியாக போன் போட்டேன். “என்ன மாமா, யாருக்கு என்ன ஆச்சு?” என்று பதறினான். ஒன்றுமில்லை, சும்மாதான் என்றேன். “சும்மான்னா ஒரு மெசேஜ் போட்டுட்டுக் கூப்பிடக் கூடாதா?” என்றான். மறுநாள் அப்படியே போட்டேன். இரண்டு டிக்கும் இன்னும் சாம்பல் நிறத்திலேயே நிற்கின்றன. நீலத்தை அவன் அணைத்து வைத்திருக்கிறானாம். அக்காதான் சொன்னாள், போனில்.