முந்திரிக்கொட்டைப் பேரனுக்கு

வா பேராண்டி, குந்து. தரையில குந்த வராதா? சரி, கயித்துக் கட்டில் இருக்கு.

ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடத்துல பத்து வருஷம் நாற்காலியத் தேய்ச்ச. இப்ப வேலைய வுட்டுட்டு வானூர் வெயில்ல பாடுபட்டா உடம்பு இரும்பாயிடும்ங்கிற. வெயில்லயே கெடந்த என் முழங்காலைக் கேளு, அது வேற கதை சொல்லும். உங்கப்பன் இந்தக் கொல்லைய வுட்டு ஓடுனதே உன்னை ஏ.சி.யில உக்கார வைக்கத்தான்.

அந்த முந்திரியப் பாரு. பழத்துக்குள்ள அடங்காம, கொட்டை மட்டும் வெளியில மூக்கை நீட்டிக்கினு தொங்குது. நீயும் அப்படித்தான். மல்லாட்டை எந்தப் பட்டம்னு கேக்கறதுக்கு முன்னாடியே ராஜினாமா கடுதாசி! வெறுங்கையால அந்தக் கொட்டைய ஒடச்சிப் பாரு, தோல் வெந்து உரியும். நீ பாத்ததெல்லாம் நெய்யில வறுத்தது.

2011 டிசம்பர் 30, தானே புயல். ஒரே நாள்ல முந்திரித் தோப்பெல்லாம் வேரோட சாஞ்சிது. உங்க ஆபீசுல எல்லாத்துக்கும் ‘பேக்கப்’ உண்டாமே? எங்களுக்குப் பேக்கப்புன்னா ஒரு கன்னுதான். நட்டுட்டு வருஷக் கணக்கா காத்துக் கெடக்கணும்.

“ஆரோவில்காரங்க செய்யலியா தாத்தா?”ங்கிற. செஞ்சாங்கப்பா. 1968ல இந்த மேடு வெறும் பொட்டல். மழை பேஞ்சா செம்மண்ணு கரைஞ்சி கடலுக்கே போயிடும். வந்தவங்க கரை போட்டு ஓடுற தண்ணிய நிறுத்துனாங்க, கன்னு வச்சாங்க. பொழுது போகாத சனம்னு நாங்க சிரிச்சோம். இப்ப அங்க காடு நிக்குது, எங்களுக்குச் சிரிக்கப் பல்லு இல்ல.

ஜோஹோ ஸ்ரீதர் வேம்பு தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில இருக்காருன்னு போன்ல படம் காட்டுறியே, அவரு வேலைய வுட்டுட்டா போனாரு? அவருக்கு முன்னாடியே ஆபீசு அங்க போயி குந்திக்கினு இருந்துச்சி.

ஆகட்டும். கடுதாசியத் திருப்பி வாங்கு, ஒரு மாசம் லீவு போடு. விடியக்காலம் அஞ்சுக்குக் கொல்லைக்கு வா. கையில கட்டியிருக்கியே, அடி எண்ணுற வாட்சு, அதைக் கழட்டி வை. களை வெட்டுறவன் குந்துன வாக்குல நகருவான். நாள் முழுக்க முதுகு ஒடிஞ்சாலும் அதுல நூறு அடி காட்டாது. கூலி கெடையாது, கேழ்வரகுக் கூழு உண்டு.

வரும்போது திண்டிவனத்துல எறங்கி மம்முட்டிக்கு ஒரு புடி வாங்கியா. நல்ல கட்டையா பாத்து வாங்கு. பழசு ஒடஞ்சி மூணு மாசம் ஆவுது, வாங்கித் தர ஆள் இல்லாமத்தான் நானே உக்காந்திருக்கேன்.